ஊராட்சியின் கரண்ட் பில்லை யார் படிக்கிறார்கள்?

ஓர் ஊராட்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க ஏதாவது ஒரே ஒரு காகிதத்தைத்தான் எடுக்கலாம் என்றால், நான் கரண்ட் பில்லைத்தான் எடுப்பேன். தீர்மானப் புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பெயர்ப்பலகையில் எந்தத் தொகையையும் வரையலாம். ஆனால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, தெருவிளக்கு பகலில் எரிந்ததா இல்லையா என்பதை மீட்டர் தன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டே இருக்கிறது.

கிராம ஊராட்சியிடம் நாம் தினமும் எதிர்பார்ப்பது மூன்று விஷயங்கள்: தண்ணீர், வெளிச்சம், சுத்தம். முதல் இரண்டும் முழுக்க முழுக்க மின்சாரத்தில் நடப்பவை. குப்பை வண்டிகள் பேட்டரிக்கு மாறியபிறகு மூன்றாவதும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. சுற்றுச்சூழல், எரிசக்தி, வரவு செலவு என்று மூன்று தனித்தனித் தலைப்புகளில் நாம் பேசுவதெல்லாம் ஊராட்சி அலுவலகத்தில் ஒரே கோப்பில்தான் கிடக்கிறது. அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என் கவலை.

கிராம சபைக்குப் போய் வந்தவர்களுக்கு அங்கே நடப்பது தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிக்கொண்டிருந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறு முறை கூட வேண்டும் என்று ஆனது. பொருள் பட்டியல் பெரும்பாலும் மேலிருந்து அச்சாகி வரும். வரவு செலவுக்கு ஒப்புதல், குடிநீர், டெங்கு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று வரிசையாக இருக்கும். கூட்டத்தைக் கவனிக்க யூனியன் ஆபீஸிலிருந்து வந்திருக்கும் பற்றாளர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஊராட்சிச் செயலர் படிவம் 30-ஐ எடுத்து, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று படிப்பார். மின்கட்டணம் என்று ஒரு வரி வரும். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். ரோடு கேட்பார்கள், வீடு கேட்பார்கள், நூறு நாள் வேலையில் சம்பளம் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். மின்கட்டணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அந்தப் பணம் நம் கையிலிருந்து போவதாக நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஊராட்சிகளில் நெடுங்காலமாக மூன்று கணக்குகள். ஒன்றாம் கணக்கு பொதுநிதி: வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம், மானியம் எல்லாம் சேரும் இடம். மூன்றாம் கணக்கு திட்டப் பணிகளுக்கு. நடுவில் இருக்கும் இரண்டாம் கணக்கு, மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டணம் செலுத்துவதற்கென்றே ஒதுக்கியது. மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி நேராக அதில் வந்து விழும், அங்கிருந்து நேராகப் போய்விடும். பணப் பட்டுவாடா இணையவழிக்கு மாறிய பிறகும் ஊராட்சிக்காரர்கள் இன்னும் ஒண்ணாம் கணக்கு, ரெண்டாம் கணக்கு என்றுதான் பேசுகிறார்கள். ஊராட்சி கரண்ட் பில்லைக் கட்டாமல் விட்டு ஊர் இருளில் மூழ்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு இது. ஆனால் அதன் பக்கவிளைவு பெரியது. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்தால் ஊருக்கு என்ன கிடைக்கும், வீணடித்தால் எது குறையும் என்ற தொடர்பு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

பணம் எங்கே வீணாகிறது என்று பார்க்க முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரம் தூக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டால், 0.27 யூனிட் மின்சாரம் போதும். இது இயற்பியல், இதில் பேரம் கிடையாது. ஆனால் போர்வெல்லில் இறக்கிய பம்பும் மோட்டாரும் குழாயும் சேர்ந்து பாதி அளவுகூடத் திறனோடு வேலை செய்யாது. 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே வேலைக்கு ஏறக்குறைய 0.7 யூனிட் ஆகிறது. மோட்டார் பழசாகி, உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைப் பலமுறை மாற்றிக் கட்டி, விசிறிகள் தேய்ந்துபோனால் இன்னும் கூடும். தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். குழாயடியில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மீட்டருக்குத் தெரியும்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. நிலத்தடி நீர் அறுபது மீட்டரிலிருந்து நூற்று இருபதுக்கு இறங்கினால், ஒவ்வொரு குடம் தண்ணீரை மேலே கொண்டுவரவும் இரண்டு மடங்கு மின்சாரம் வேண்டும். ஏரியைத் தூர்வாருவதும், வரத்துக்கால்வாயில் முளைத்த கருவேலத்தை அகற்றுவதும், மழைநீர்ச் சேகரிப்பும் விவசாயத்துக்கான வேலை, பசுமைக்கான வேலை என்று மட்டும் நினைக்கிறோம். அவை அனைத்தும் ஊராட்சியின் மின்செலவைக் குறைக்கும் வேலையும்கூட. ஏரியில் தண்ணீர் நின்ற ஆண்டின் பில்லையும், காய்ந்து கிடந்த ஆண்டின் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிராம சபையில் ஒருமுறை படித்துக் காட்டட்டும். தூர்வார வேண்டும் என்று அப்புறம் தனியாகப் பிரசாரம் செய்ய வேண்டியிருக்காது.

வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு என்ற ஜல் ஜீவன் திட்டம் வந்தபிறகு மோட்டார் ஓடும் நேரம் கூடியிருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. இணைப்பைக் கொடுக்கப் பணம் வந்தது. அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டும் செலவு ஊராட்சியின் தலையில். பெண்கள் குடத்தோடு நிற்பது குறைந்ததே பெரிய விஷயம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தத் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும் என்றால் அதன் செலவும் யாராவது ஒருவர் கண்ணில் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் மேல்நிலைத் தொட்டி காலையில் நிரம்பி வழிந்து ஓடுவது வெகுகாலம் பழக்கமான காட்சியாக இருந்தது. ஆடுகள் அங்கே வந்து குடிக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. ஏழரை எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஆறு யூனிட். தினமும் அரை மணி நேரம் வழிந்தால் மூன்று யூனிட். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். இதற்கு டேங்க் ஆபரேட்டரைத் திட்டுவது மிகச் சுலபம், திட்டினார்கள். அந்த அண்ணன் ஒரே நேரத்தில் வெவ்வேறு தெருக்களின் தொட்டிகளைப் பார்க்க வேண்டும். ஒரு மோட்டாரைப் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த கேட் வால்வைத் திறக்கப் போக வேண்டும். சம்பளமோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்தால் முடிகிற பிரச்சினை. அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் கிராம சபை. பில்லை யாராவது படித்திருந்தால்தானே கேட்பதற்குத் தோன்றும்?

தெருவிளக்குக் கணக்கு இன்னும் எளிது. பழைய 40 வாட் குழல்விளக்கு, சோக்கையும் சேர்த்து ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். இருநூறு விளக்குகள் உள்ள ஊரில் விளக்குக்கு 30 வாட் மிச்சம், இரவுக்குப் பதினோரு மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 66 யூனிட். இதைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மூவாயிரம் பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 60 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்க, அதே 40 சதவீதத் திறனில், ஒரு நாளைக்கு ஆகும் மின்சாரமும் ஏறக்குறைய அதே அளவுதான், சுமார் 67 யூனிட். விளக்கை மாற்றிய மிச்சத்தில் கிட்டத்தட்ட ஓர் ஊருக்கே தண்ணீர் ஏற்றிவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு 'ஆனால்' உண்டு. எல்.இ.டி. மாற்றிய ஊர்கள் பலவற்றில் நண்பகலிலும் விளக்கு எரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் அணைக்க ஆள் இல்லை, டைமர் பழுது, அல்லது சுவிட்ச் பாக்ஸே கிடையாது, நேரடி இணைப்பு. 20 வாட் விளக்கு நாள் முழுக்க எரிந்தால் 480 வாட்-மணி. பழைய குழல்விளக்கு இரவு மட்டும் எரிந்தால் 550. புது விளக்குக்குச் செலவழித்த பணத்தின் பலனில் பெரும்பகுதி ஒரு டைமர் இல்லாததால் கரைந்துபோகிறது. வாங்குவதற்குத் தீர்மானம் போடுகிறோம், விலைப்பட்டியலைச் சரிபார்க்கிறோம், தணிக்கையும் நடக்கிறது. வாங்கியது வேலை செய்ததா என்று பார்க்கும் கட்டம்தான் நம் உள்ளாட்சியில் விட்டுப்போயிருக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கை ரசீது சரியா, கையெழுத்து சரியா என்று கேட்கும். பகலில் விளக்கு எரிந்ததா என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர்கள் அந்தத் தெருவில் நடப்பவர்கள்.

கிராம ஊராட்சிகளில் நியமனம், வளர்ச்சி, வேளாண்மை-நீர்வடிப்பகுதி, பணிகள், கல்வி என்று குழுக்கள் உண்டு. மின்சாரத்தைப் பார்க்கவென்று ஒரு குழு இல்லை. புதிதாக ஒன்று அமைக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. பணிகள் குழு ஒவ்வொரு பில் வரும்போதும் இணைப்பு வாரியாக யூனிட்டை ஒரு நோட்டில் எழுதிவைத்தாலே போதும். எந்த மோட்டார் திடீரென்று கூடுதலாக இழுக்கிறது என்பது இரண்டு மூன்று பில்லில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, நம்மிடமே ஓடந்துறை இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் உள்ள ஊராட்சி. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதும் ஊராட்சியின் மின்கட்டணம் மளமளவென்று ஏறியது. எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் ஓடந்துறையில் அந்தப் பில்லை உட்கார்ந்து படித்தார்கள். முதலில் 2003-இல் மரக்கழிவை எரிவாயுவாக மாற்றி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் கருவி ஒன்றை வைத்தார்கள். சூரிய விளக்குகளையும் முயன்றார்கள். பிறகுதான் பெரிய முடிவு. 2006-இல் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக நிறுவியது. செலவு 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன்.

இதில் பலரும் காற்றாலையைப் பற்றியே பேசுவார்கள். ஒரு கிராமம் காற்றாலை வைத்தது என்பது நல்ல செய்திதான், படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். என் கண் போவது அந்த 40 லட்சத்தின் மேல். ஒரு கிராம ஊராட்சி அவ்வளவு பணத்தைச் சேர்த்து வைத்திருந்தது என்றால், வரியை ஒழுங்காக வசூலித்தார்கள், செலவைக் கவனித்தார்கள் என்று பொருள். அடுத்து, வங்கி ஓர் ஊராட்சியை நம்பிக் கடன் கொடுத்தது என்றால், காட்டுவதற்கு அவர்களிடம் தெளிவான கணக்கு இருந்தது என்று பொருள். கணக்கு சுத்தமாக இருந்ததால்தான் காற்றாலை வந்தது.

அந்தக் காற்றாலை ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் தரும் என்று சொல்லப்பட்டது. 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க முழு வேகத்தில் ஓடினால் முப்பது லட்சம் யூனிட்டுக்கு மேல் வரும். காற்று எப்போதும் அடிப்பதில்லை என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும் என்பது நம்பக்கூடிய கணக்குதான். ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். விற்ற காசிலும் மிச்சமான காசிலும் கடனை அடைத்தார்கள். தேவை எவ்வளவு என்று யூனிட்டில் தெரிந்த ஊராட்சிதான் இப்படித் திட்டமிட முடியும். இன்று எத்தனை ஊராட்சித் தலைவர்களால் தங்கள் ஊரின் ஆண்டு மின்தேவையை மனக்கணக்காகவாவது சொல்ல முடியும்?

எல்லா ஊரும் காற்றாலை வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. இப்போது சூரியத் தகடுகள் அன்றைய விலைக்கு எவ்வளவோ மலிவு. மோட்டார் பெரும்பாலும் பகலில்தான் ஓடுகிறது, சூரியனும் பகலில்தான் இருக்கிறது. முதலில் அளந்து பார்ப்போம், அப்புறம் வாங்குவோம். அந்த வரிசை மாறிப்போவதால்தான் பழுதடைந்த சோலார் கம்பங்கள் ஊர் எல்லையில் நிற்கின்றன.

குப்பை விஷயத்தில் அளப்பதே வேறு மாதிரி. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி. அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பணம் இல்லை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. மண்புழு உரக் கொட்டகை கட்டினார்கள், பச்சை, நீல நிறத் தொட்டிகள் வாங்கினார்கள், வண்டிகள் வாங்கினார்கள். இவை அனைத்தும் ஒருமுறை வாங்கும் பொருட்கள். தினமும் காலையில் வீடு வீடாக வரும் தூய்மைக் காவலர்கள் வாங்கும் தொகையோ, ஒரு குடும்பத்தை ஓட்டப் போதாத மதிப்பூதியம். அந்த அக்காமார்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று நம் வீட்டு அழுக்கைக் கையால் பிரிக்கிறார்கள். கொட்டகைக்குச் செலவழித்த தொகை பெயர்ப்பலகையில் இருக்கிறது. கையுறை கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பது எங்கேயும் எழுதியில்லை. சுற்றுச்சூழல் சேவையைக் கண்காணிப்பது என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நகரத்தில் இதன் அளவு பெரிதாகிறது. சென்னையில் 2000-இல் சில பகுதிகளின் குப்பையைத் தனியாரிடம் கொடுத்தபோது டன்னுக்கு இவ்வளவு என்று பணம் தரப்பட்டது. எடைக்குக் காசு என்றால் குப்பை குறைவது யாருக்கும் லாபமில்லை. வீட்டிலேயே பிரித்து உரமாக்கச் சொல்லும் மாநகராட்சியே, குப்பை கூடக்கூட அதிகம் கொடுக்கும் ஒப்பந்தத்தைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பின்னால் 2020 வாக்கில் எடையை விட்டுச் செயல்பாட்டு அளவுகோல்களுக்கு மாறினார்கள். 2025-இல் ஐந்தாம், ஆறாம் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முடிவை எதிர்த்து ஆகஸ்ட் மாதம் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக அமர்ந்திருந்ததையும், 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அகற்றியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். தீர்மானத்தின் விலை யார் தலையில் விழும் என்பதை மன்றத்தில் முழுதாக விவாதித்துவிட்டுத்தான் கை தூக்க வேண்டும். அங்கே விவாதிக்காதது தெருவுக்கு வந்துதான் தீரும்.

கேள்வி கேட்க வேண்டியவர்களே இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற நிலையும் நமக்கு வந்திருக்கிறது. 2016-இல் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் 27 மாவட்டங்களில் தேர்வான ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அவர்கள் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தவரை, விளக்கு எரியவில்லை என்றாலும் அணையவில்லை என்றாலும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம். ஓட்டு கேட்டு மறுபடி வர வேண்டியவர் என்ற பயம் அவருக்கும் இருக்கும். தனி அலுவலருக்கு ஒரே நேரத்தில் பல ஊராட்சிகள். அவர் நல்லவராகவே இருந்தாலும் எங்கள் தெருவின் தொட்டி வழிவது அவர் கண்ணில் படாது.

மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அதைக் கலைக்க முடியாது; வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் வரை உள்ள ஊரில் நூறு பேர், பத்தாயிரம் வரை இருநூறு பேர் வந்தால் போதும். 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் நிதிக்குழு மானியச் செலவுகளை நம் ஊர் பெயரைப் போட்டே பார்க்கலாம். அங்கே கிடைக்காத மின்கட்டண விவரத்தைப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் மனு போட்டு வாங்கும் நிலைக்கு இது வரக்கூடாது என்பது என் எண்ணம். நம் ஊர் மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பது ரகசியம் அல்லவே.

எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஒரு கோரிக்கையை எழுதி வைத்திருக்கிறோம். மின் இணைப்பு எண், அது எந்த மோட்டார் அல்லது எந்தத் தெருவின் விளக்கு, கடந்த பில்லில் எத்தனை யூனிட், அதற்கு முந்தையதில் எத்தனை, கட்டிய தொகை. இந்த ஐந்து விவரமும் ஊராட்சி அலுவலகச் சுவரில் கறுப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும். செயலரிடம் முன்கூட்டியே சொன்னபோது, "எழுதுறதுல ஒண்ணும் இல்லீங்க, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். இணைப்பு எண்களின் பட்டியலை எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அதில் எந்த எண் எந்த மோட்டாருடையது என்று அடையாளம் காட்ட டேங்க் ஆபரேட்டர் அண்ணன் கூட வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம்.